பூட்டுக்குள் போன பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வாளையாரிலிருந்து மோனிஷா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

இனிமேல் என்னை மோனிஷா என்று மட்டும் கூப்பிடு என்று போன வாரம் போனில் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். என்னோடு தங்கியிருக்கும் யோகப்பிரியா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

எங்கள் லாரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோகுல்நாத் என்பவர் வந்து, இன்டர்நெட் பார்க்கிற பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தார். எல்லா பாஸ்வேர்டையும் அதுவே வைத்திருந்து, கேட்கிற இடத்தில் நிரப்பிவிடுமாம்.

“அதத் தொறக்கற ஒரு பாஸ்வேர்டு மட்டும் உங்க மனசுல இருந்தாப் போதுமுங்க” என்றார்.

நான் தட்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருந்தாலும் ஷாலால் கீபோர்டை மறைத்துக்கொண்டேன். இங்கே ஒருவருக்கும் தெரியாதது எது என்று யோசித்தால், நீ என்னைக் கூப்பிடும் பெயர்தான் இருந்தது. அதையே போட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது: எஸ்டேட் லயத்து வீட்டில் சிக்னல் கிடைக்காமல் நீ மேட்டில் நின்று போனில் அந்தப் பெயரைக் கத்துவது இங்கே அறை முழுக்கக் கேட்கும். யோகப்பிரியாவுக்கும் அதே ஆபீஸ்தான். உன்னை அவள் அவ்வளவு அக்கறையாக விசாரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் நான் சொன்னபடியே, “மோனிஷா, சாப்பிட்டியா?” என்றாய். வேறு யாருடைய அம்மாவோ பேசுவது போல இருந்தது.

ஜெகன் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. மூடியை டேப் போட்டு ஒட்டு. வழியில் யார் திறப்பார்களோ.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன். நீ பழையபடியே கூப்பிடு. கத்தியே கூப்பிடு.

உன் மகள்