குடிக்காதவர் காட்டிய பார்

சனிக்கிழமை, இரவு

நித்திரை வரவில்லை.

என் பள்ளித் தோழி சாந்தி நாளை லண்டன் திரும்புகிறாள். அதற்கு முன் சொந்த ஊர் பார் ஒன்றில், ஒருவரும் உற்றுப் பார்க்காமல், என்னோடு ஒரு பியர் குடிக்க வேண்டுமாம். இந்த ஊரில் படிப்பிக்கிற எனக்கு அது சின்ன விசயமில்லை. இரண்டு நாளாக இணையத்தில் தேடினேன். உல்லாசப் பயணிகள் பார்களுக்கு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இரண்டு தமிழ்ப் பெண்கள் போய் இருக்கலாமா என்று எவரும் எழுதவில்லை.

பின்னேரம் துறைமுகத்தடியில் ஓட்டோ ஏறியதும் சாந்தி கேட்டே விட்டாள். "நானா, ரெண்டு பொம்பிளையள் நிம்மதியா இருக்கக்கூடிய பார் எது?"

ஓட்டுநர் பக்கத்துக் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், தொப்பி போட்டவர். அவரிடமா பாரைக் கேட்பது என்று எனக்கு முகம் எரிந்தது.

"நான் ஒரு சொட்டும் குடிக்காதவன், தங்கச்சி. ஆனா குடிச்சிட்டு வாறவங்களை ஏத்துறவன் நான்தானே. சந்திப் பாரால வாறவங்க சண்டையோட ஏறுவாங்க. பெரிய ஹோட்டலால வாறவங்க வாயே திறக்க மாட்டாங்க. கடற்கரையில சின்ன இடமொண்டு இருக்கு. அங்க இருந்து வாற பொம்பிளைகள் கதையைப் பாதியில விட்டுட்டு வந்து என்ட ஓட்டோவில முடிப்பாங்க."

"அங்கயே விடுங்கோ," என்றாள் சாந்தி.

அந்தச் சின்ன இடத்தில், போத்தலை வைத்துவிட்டுப் பரிமாறியவர் போய்விட்டார். பக்கத்து மேசைகளில் ஒரு தலையும் திரும்பவில்லை. சாந்தி இருபது வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

ஆராய்ச்சி முறை படித்தவள் நான். பாரிலிருந்து வெளியே வருபவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த ஓட்டோக்காரர் எத்தனை வருடமாக, எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்!

முதல் அரை மணி நேரம், தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்க மறந்துவிட்டேன்.