கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை

என் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்கள் எதிரே நின்று ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியதில்லை. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன் என்று சிரிப்பீர்கள். இன்றைக்கு எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் யாராவது உரக்கப் படிக்கட்டும். நம் லோவு ஊர் முழுக்கக் கேட்கட்டும்.

அம்மாவுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது, அப்பா.

அடுப்படியிலிருந்து அவள் வெளிச்சத்துக்கு வந்தபோது பார்த்தேன். உங்கள் கண்ணில் பார்த்த அதே மஞ்சள். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பாவம், கரும்பு வரப்பில் தானாக முளைக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்களுக்காக நான்தான் பறித்தேன். வேரோடு கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கரைத்துக் கொடுத்தேன். அம்மா உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் சமைத்தாள். காலையில் முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். சாயங்காலம்? உங்கள் அண்ணன், அதுதான் என் பெரியப்பா, அவரோடு பாயில் உட்கார்ந்து போதைக்காக யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தீர்கள். அம்மா தடுத்தபோது என்ன சொன்னீர்கள்?

"அதுவும் வேரு, இதுவும் வேரு. ஒன்ன ஒன்னு அடிக்காது, புள்ள."

பாயில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தப் பாயில் வேறு பேச்சே இல்லை. யார் போகிறார்கள், எந்த நாட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். நம் டாக்டரும் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் போய்விட்டார். "டாக்டரே ஓடிட்டாரு. இனிமே கீழாநெல்லிதான் நமக்கு டாக்டரு" என்றீர்கள். ஆஸ்பத்திரி ஓடிவிடவில்லையே? கேட்டால், "ரோட்ல சோல்ஜர் நிக்கிறான்" என்றீர்கள். பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்கு அதே ரோட்டில்தானே கூட்டிப் போனார்கள்? சோல்ஜர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டி அனுப்பினானாமே?

உங்களுக்குச் சோல்ஜரிடம் பயம் இல்லை. ஊசியிடம்தான் பயம். காமாலைக்காரனுக்கு ஊசி போட்டால் உயிர் போய்விடும் என்று பெரியப்பா சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த நம் முன்னோர் கொண்டுவந்த பயமோ என்னவோ. தமிழில் பாதியை மறந்துவிட்டு இந்தி பேசுகிறோம். இதை மட்டும் ஏன் மறக்கவில்லை? கடைசி மூச்சில் தூக்கிக்கொண்டு போனால், ஊசி போட்டாலும் சாவார்கள், போடாவிட்டாலும் சாவார்கள். இது யாருக்கும் தோன்றவில்லையா?

வயிறு வீங்கி, என்னையே அடையாளம் தெரியாமல் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் உங்களைத் தூக்கிப் போனோம். ஊசி போட்டார்கள். மறுநாள் போய்விட்டீர்கள். "பாத்தியா, ஊசிதான்" என்றார் பெரியப்பா. நீங்களும் இறந்துபோய் அவர் பக்கமே சாட்சி சொல்லிவிட்டீர்களே அப்பா, அது நியாயமா?

நேற்று அவர் வந்தார். கையில் கீழாநெல்லிக் கட்டு.

"அரைச்சுக் குடு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு கெளம்பாதே. ஒங்கப்பனுக்கு ஆனது பத்தாதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அப்பா ஊசியால சாவல பெரியப்பா. ஒங்க பாயில உக்காந்து உக்காந்துதான் போனாரு."

"அரே, இதுக்குப் பேச வருமா? ஊமைன்னுல்ல நெனச்சேன்!"

"வண்டிய எடுங்க."

"வேணாண்டி" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "ஊசி போட்டுடுவாங்கடி."

"போடட்டும்."

பெரியப்பா சாவி தேடுகிறவர் போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். சாவி வண்டியிலேயே தொங்கியது. நான் அம்மாவை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அவரையே பார்த்தேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், புதியவர். பச்சிலை ஏதாவது கொடுத்தீர்களா என்று இந்தியில் கேட்டார். அம்மாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை, அப்பாவுக்குக் கொடுத்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யங்கோனாவையும் சொன்னேன். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னதே நல்லது என்றார்.

ரத்தம் எடுக்க ஊசியோடு வந்தார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள். முடிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் அப்பா. இதற்குத்தானா எங்களை விட்டுப் போனீர்கள்?

அம்மா இப்போது வார்டில் இருக்கிறாள். என்ன காமாலை என்று இன்னும் சொல்லவில்லை. தூக்கத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறாள். அவள் கூப்பிட்டாலும் வந்துவிடாதீர்கள். கண் வெளுத்து அவள் எழுந்து நடக்கும்வரை இந்தக் கட்டிலைவிட்டு நகர மாட்டேன். அவளை உங்களிடம் அனுப்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கோபம் ஆறாத உங்கள் மகள்,
செல்வி