உன் எண்ணில் இப்போது வஞ்சிரம்

என் வாயாடி சரோஜா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. இங்கே எல்லோரும் நலம்.

போன வாரம் பழைய பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டேன். "அலோ, யார்மா? வஞ்சிரம் வோணுமா?" என்றது ஒரு குரல். வெங்காயம்கூடத் தொடாத உன் எண்ணில்! நீ போனபின் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்ததைக் கம்பெனி எடுத்து, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் செல்விக்குக் கொடுத்துவிட்டது.

அவள் கடைக்கே போனேன். எண்ணைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன், மறைப்பானேன்? நான் யாரென்று சொன்னதுமே அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க அக்காவால பெரிய ரோதனைமா! போன்ல காசு வாங்கலாம்னு பாத்தா, இந்த நம்பர்ல வேற யாரோ பேருல கணக்கு கீதுன்றாங்க. வர்றவங்கல்லாம் பக்கத்து கடைக்குப் போறாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு. பேங்க் மெசேஜும் எனக்குத்தான் வருது. வேற எவனாச்சும்னா காசை உருவாம சும்மா இருப்பானா?"

எண்ணைத் திருப்பிக் கேட்காமலே வீடு திரும்பினேன்.

டெலிபோன் இலாகாவில் சம்பளம் வாங்கிக்கொண்டே, "சர்க்கார் ஒதுங்கிண்டா போன் தன்னால நன்னா ஓடும்டி" என்று வாதாடுவாயே, இப்போது என்ன சொல்வாய்? விலையைப் போட்டிக்கு விட்டுவிடலாம், சரி. ஆனால் எண் யாருடையது? உன்னுடையதா, கம்பெனியுடையதா, பொதுச்சொத்தா? அடுத்த ஆளிடம் தருமுன் பழைய கணக்கையெல்லாம் அறுத்துவிடு என்று கம்பெனியையும் வங்கியையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சொல்ல, சர்க்காரை விட்டால் யார் இருக்கிறார்கள்? போனவர்களின் எண்ணை எத்தனை காலம் பூட்டி வைப்பது நியாயம்? செல்விக்கும் ஒரு எண் வேண்டுமே. அதிகம் மூக்கை நுழைத்தால் எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்க வைப்பார்கள் என்பாய். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. உன் பதிலைக் கேட்க எவ்வளவு ஆசை தெரியுமா?

அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும் உன் வங்கிக் கணக்கை மூட இதுவரை எனக்கு மனசு வரவில்லை. மூடினால், நீ இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நாளை காலை மயிலாப்பூர் கிளைக்கு இறப்புச் சான்றிதழோடு போகிறேன். அழுதாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன், இது சத்தியம். செல்வி கடைக்கு ஆள் வரட்டும், அக்கா.

வாதத்தில் உன்னை ஒருமுறையும் ஜெயிக்காத தங்கை,
புவனா