மாடிப்படியில் பியானோ

அஸ்தினாபுரம்
12.7.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தோள் வலி குறைந்திருக்கிறதா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

தாம்பரத்தில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் பழைய பியானோ வாங்கினேன். இனி மாணவர்கள் என் அறைக்கே வந்து கற்றுக்கொள்ளலாம். நேற்று நான்கு பேர் அதை மாடிக்கு ஏற்றினார்கள். ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது நீங்கள் குரல் கொடுப்பீர்களே, எல்லோரும் ஒன்றாகத் தூக்குவார்களே, அந்தக் குரல் என் வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். உங்களுக்குத் துணிக்கடை இருப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

பியானோ சரிந்து, அந்த நால்வரில் கீழ்ப்படியில் நின்ற வீராசாமி அண்ணனின் கால்விரல் நசுங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கட்டுப் போட்டாயிற்று. "தூக்கசொல்ல ஒரு ஆளு கொரல் குட்த்திருந்தா இது ஆயிருக்காது சார்," என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பியானோவை இன்னும் திறக்கவில்லை.

அடுத்த மாதம் வரும்போது நீங்கள் தோளுக்குத் தேய்க்கும் தைலம் இரண்டு புட்டி எடுத்து வாருங்கள். ஒன்று வீராசாமி அண்ணனுக்கு. முடிந்தால் ஞாயிறும் தங்குங்கள். அன்று எனக்குப் பேச ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. போன கடிதத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, துண்டில்லாமல் வரச் சொல்லியிருந்தேன். துண்டோடே வாருங்கள் அப்பா.

உங்கள் மகன்
பொன்லிங்கம்