பதினோராம் பக்கத்துப் புள்ளிகள்

ஆவடி,
15.11.1998, ஞாயிறு.

அன்புள்ள வசந்தகுமாரிக்கு,

லோகநாயகி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். உன் நலமறிய ஆவல் என்பது மட்டும் உண்மை. முதல் பாதியை விட்டுவிட்டேன். விட்டுவிடுவதில் இப்போது நான் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன், மேலே படி, தெரியும்.

டெல்லியில் நாம் சீனம் படித்த துறையிலேயே உனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது என்று உன் கடிதத்தில் படித்ததும் அப்பாகூடச் சந்தோஷப்பட்டார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பீஜிங்கில் ஒரு வருஷம் படிக்க எனக்கு வந்த வாய்ப்புக்குக் கையெழுத்துப் போடாதவர் அவர்தானே. ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன் மகள் சீனாவுக்குப் போனால் விசாரணை வரும் என்று பயம். இந்தக் குவார்ட்டர்ஸில் என் படிப்புக்கு இருக்கிற மரியாதையையும் கேள். பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பாம்பு சாப்பிட்டிருக்கிறாயா என்பது. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் கொண்டுவந்து வைத்த பஜ்ஜியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

ஐந்து வருஷம் டெல்லிக் குளிரில் விரல் விறைக்க விறைக்க எழுத்து எழுதிப் பழகியது இதற்குத்தானா என்று அன்றைக்கு எரிச்சலாக வந்தது. இப்போது படிப்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. படித்தவளைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தேன் அல்லவா? முதலாளி பெயர் மணவாளன். ஸ்கூட்டருக்கு வேண்டிய தகடுகளை அடித்துக் கொடுக்கிற கம்பெனி. சீனாவிலிருந்து தகடு அடிக்கிற பழைய பவர் பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டார். அதோடு ஒரு புத்தகம் வந்தது, அட்டை முதல் அட்டை வரை சீனம். அதைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் ஒரு சீனப் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, என் தாத்தாவோடு படிப்பு போயிற்று, எனக்குப் பேச மட்டும்தான் வரும் என்று கையை விரித்துவிட்டாராம். அப்புறம் யாரோ, "ஆவடில நம்ம கோதண்டம் பொண்ணு சைனா படிச்சிக்கீது" என்று சொல்லப்போய், மணவாளன் தானே காரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். எனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. நான் படித்தது ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்து நான்கு வீடுகளுக்குக் கொடுத்தாள்.

நம் புள்ளிகள் நினைவிருக்கிறதா? இரண்டாம் வருஷப் பரீட்சையில் புரியாத வரி ஒன்றைத் தாண்டிப்போய் நான் பூஜ்யம் வாங்கினேனே. தப்பாக எழுதினால் ஒரு மதிப்பெண் குறைப்பேன், விட்டுவிட்டால் ஒன்றும் தரமாட்டேன் என்று பேராசிரியை வகுப்பின் முன்னால் சொன்னார். அன்றைக்கு விடுதியில் உட்கார்ந்து நீயும் நானும்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தோம். மொழிபெயர்த்து முடித்த ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் பென்சிலால் ஓர் அடையாளம். நீ சின்ன வட்டம் போடுவாய், நான் புள்ளி வைப்பேன். புள்ளியில்லாத எழுத்து இருந்தால் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. மணவாளன் கொடுத்த அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸ் நகலிலும் நாற்பது பக்கத்துக்கும் புள்ளி வைத்தேன்.

பதினோராம் பக்கத்தில் என்ன இருந்தது என்றால் இதுதான். இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால் மட்டுமே இயந்திரத்தின் மேல்பாகம் இறங்க வேண்டும். ஒரு பொத்தானை எக்காரணம் கொண்டும் கட்டிவைக்கக் கூடாது, அடைத்துவைக்கக் கூடாது. வைத்தால் இயக்குபவரின் கை போகும். இதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கம்பெனியில் நடந்தது வேறு. தினமும் காலையில் சூப்பர்வைசர் வந்து இடது பொத்தானில் ஒரு தீக்குச்சியைச் செருகுவார். பொத்தான் உள்ளேயே நின்றுவிடும். பிறகு வலது கையால் அழுத்திக்கொண்டே இடது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை இரண்டு பங்கு நடக்கும்.

மணவாளன் என் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். தகடு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் இதை ஃபைலில் வைப்பார்கள் என்றார். "இந்த ஒரு பக்கம் நமக்கு எதுக்கு மேடம்? உட்டுடுங்க. பார்ட்டி படிச்சா நமக்குத்தான் தலைவலி" என்றார். என் கழுத்தை யாரும் நெரிக்கவில்லை, வசந்தி. அந்த நாற்காலி போய்விடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, பன்னிரண்டைப் பதினொன்றாக்கித் திரும்ப டைப் அடித்தேன். கடைசியில் "மூலத்தின் முழுமையான மொழிபெயர்ப்பு" என்று எழுதி, பட்டத்தோடு கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பிரஸ்ஸில் வேலை செய்தவள் வேம்புலியம்மாள். திருவேற்காட்டுப் பக்கம். அவர்கள் நிலமெல்லாம் பிளாட்டாகிப் போக, இவள் எஸ்டேட்டுக்கு வந்தவள். என்னைச் சைனாக்கா என்பாள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் தன் டிபன் பாக்ஸை நீட்டி, "இதுல என் பேரு எய்திக் குடு சைனாக்கா. உன் பாஷைல இருந்தா ஒருத்தியும் தொட மாட்டா" என்றாள். நகப்பூச்சால் மூடியில் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள், "அந்த புக்குல எங்களப் பத்தி எதனா போட்டுக்கீதா?" என்று கேட்டாள். எண்ணெய் எப்படி விடுவது என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள்.

அக்டோபர் இருபத்தேழு, காலை பதினொரு மணி. பிரஸ் இறங்கி, அவள் இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. நான் ஓடிப்போனபோது சூப்பர்வைசர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பொத்தானிலிருந்து தீக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஆட்டோ கூப்பிடப் போனார். சீ, மனிதர்களா இவர்கள்!

என்னைப் பற்றி எழுதாமல் அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மூன்றாம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். அந்தப் பெண் கவனக்குறைவாக இருந்துவிட்டாள், எங்கள் புத்தகத்தில் இருக்கிறபடிதான் எல்லாம் நடக்கிறது என்று மணவாளன் என் மொழிபெயர்ப்பை நீட்டினார். ஆய்வாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னிடம் திரும்பி, ஒன்றும் விடாமல் செய்திருக்கிறீர்களா அம்மா என்று பொறுமையாகக் கேட்டார். என் தலை ஆமாம் என்று ஆடியது. அவர் போனதும் மணவாளன் ரோட்டுக்கடை வேனிலிருந்து நூடுல்ஸ் வரவழைத்து, "சாப்பிடுங்க மேடம், உங்க ஊரு அயிட்டம்" என்று என் முன்னால் வைத்தார். எழுந்து போயிருக்க வேண்டும். நான் சாப்பிட்டேன், வசந்தி. பாதித் தட்டு சாப்பிட்டேன். பிறகு பின்பக்கம் தகட்டுக் கழிவு குவித்திருக்கிற இடத்தில் போய் அத்தனையும் வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் ஒரே நாற்றம். அலமாரியில் வேம்புலியம்மாளின் டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது. மூன்று நாள் சோறு, மூடியில் என் எழுத்து. அவள் சொன்னது போலவே ஒருத்தியும் தொடவில்லை. தூக்கிப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். நான் வீட்டுக்கு எடுத்துவந்து புளி போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போய்விட்டது என்கிறாள் அம்மா. எனக்குப் போகவில்லை.

போன வாரம் அவள் புருஷன் கஜபதி வந்தார். திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அப்பா கதவைப் பாதி மூடினார். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். "சைனாக்கா, அந்த பொஸ்தகத்துல இன்னாதான் எய்திக்கீது? இந்த ஊர்ல படிக்கத் தெரிஞ்சது நீ ஒர்த்திதான். அவ மேல தப்புன்னு நீ சொன்னா நான் ஒத்துக்கிறேன்" என்றார். உடம்பு சரியில்லை, பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிபன் பாக்ஸைக் கொடுக்கக்கூட மறந்துபோனேன்.

மணவாளன் மூலப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தைக் கிழித்துவிட்டார், என் கண்ணால் பார்த்தேன். நகல் எங்கே என்று என்னைக் கேட்டார். குப்பையில் போட்டாயிற்று என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே நல்ல பொய் அது. நகல் என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அப்பாவுக்குத் தெரியும். கொளுத்திவிடு, சீனக் காகிதத்தால் எனக்கு ஓய்வு பெறுகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்கிறார். ஒருநாள் ரப்பரை எடுத்து, பதினோராம் பக்கத்தின் முதல் வரியில் நான்கு புள்ளிகளை அழித்தும் பார்த்தேன். புள்ளி இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாமே. ஐந்தாவது புள்ளியில் கை நின்றுவிட்டது. அந்த நான்கையும் திரும்ப வைத்தேன்.

முப்பதாம் தேதி ஆய்வாளர் முன்னால் விசாரணை. நான் உண்மையைச் சொல்வேன் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. ஆனால் மணவாளன் பக்கத்தில் நிற்கும்போது என் தலை எந்தப் பக்கம் ஆடும் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை ஆடிய தலை அது. அதனால் உன்னிடம் கேட்கிறேன். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மேல் மூலையில் இயந்திரத்தின் எண்ணும் பக்க எண்ணும் அச்சாகியிருக்கின்றன. நீ மொழிபெயர்த்து, துறையின் முத்திரை வைத்து, தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிற ஆய்வாளர் விலாசத்துக்கு நேராக அனுப்பு. இந்தப் புள்ளிகள் எதற்கு என்று சொல்லத் தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். இந்தப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தவள் லோகநாயகி, பிறகு விட்டவளும் அவளே என்று எழுது. சிநேகிதியாயிற்றே என்று தயவு பார்க்காதே.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையெழுத்துக்கு என்றும் மதிப்பு இருக்க வேண்டும். நான் வேறு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. உன் மொழிபெயர்ப்பை மட்டும் என் விலாசத்துக்கு அனுப்பிவிடாதே, வசந்தி. என் கைக்கு வந்தால் அதையும் நான் விட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன்
லோகநாயகி