கை கழுவினதை வெட்டிவிட்டாய்

கட்டுகஸ்தோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த லண்டன் குளிரில் மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன், எத்தனை கோபம் இருந்தாலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. இங்கே அப்பாவுக்குச் சுகம். எனக்கும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. அம்மா ஏன் போனை எடுக்கிறதில்லை என்று அப்பாவிடம் கேட்டாயாம். எடுத்தால் நான் அழுகிறதையும் பிடித்து ஊருக்குப் போட்டுவிடுவாய் என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் தாளும் பேனையும் எடுத்தேன், கிறுக்கல் எழுத்தென்று சிரிக்காதே.

சித்திரை வருஷப் பிறப்புக்கு நீ வந்து நின்ற நாட்களில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. இங்கே இருந்த காலத்தில் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காத பிள்ளை, கதிரையில் இருந்துகொண்டே சாப்பாடு ஆச்சா என்று கத்தின பிள்ளை, பொழுது சாய்ந்தால் என் பக்கத்தில் வந்து நின்றாய். "பருப்புக்கு எப்பம்மா உப்புப் போடணும், சம்பலுக்கு ஏன் தேங்காப்பூவக் கடைசியில போடுறீங்க, பருப்புக்குத் தேங்காய்க் கெட்டிப்பால ஏன் எறக்கப் போற நேரத்துல ஊத்துறீங்க" என்று ஒன்று விடாமல் கேட்டாய். நானும் பூரித்துப்போய்ச் சொன்னேன். பருப்பு நன்றாக மலர்ந்த பிறகு உப்புப் போடு, முதலே போட்டால் வேக நேரம் எடுக்கும் என்றேன். வெங்காயம், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, உப்பு இதெல்லாம் முதலில் இடிபட்டால்தான் திருவின தேங்காய்ப்பூ ஒரே மாதிரி சிவக்கும் என்று இடித்தும் காட்டினேன். நீ சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்திருந்தாய். மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடிப்போய் நைட்டிக்கு மேலே துவாயைப் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பிட்டீங்களா தம்பி என்று போனைப் பார்த்துக் கேட்கவும் செய்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அது மாப்பிள்ளை இல்லை, ஊர் உலகம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன், தலையைச் சீவி நல்ல சேலையொன்றைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

எனக்கு அதைக் காட்டினது பக்கத்து வீட்டு அனீஸா. மடவளையில் இருந்து கல்யாணம் முடித்து வந்த பிள்ளை, ஒரு கள்ளம் தெரியாது. "ஆன்ட்டி, ஒங்கட மகள் ராச் சாப்பாட்டு வீடியோவுல ஒங்களப் போட்டிருக்கா, பாருங்களேன்" என்று ஆசையாகத்தான் கொண்டுவந்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருமையாக உட்கார்ந்தேன். அதில் நான் அகப்பையால் பருப்பு எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறேன். அடுத்த நிமிஷம் அதே கையால் சம்பலைப் பிசைகிறேன்! அனீஸாவின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது, போனை மெதுவாகத் திருப்பிக்கொண்டாள். அடிப் பாவி, நான் கை கழுவினேனே. சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்தத் துவாயில் துடைத்துவிட்டுத்தானே சம்பலைத் தொட்டேன், நீ பக்கத்தில்தானே நின்றாய். அப்பா கேட்டதற்கு, வீடியோ நீளமாகிவிடும் என்று அந்த இடத்தை வெட்டினேன் என்றாயாம். நான் கை கழுவினதை நீ வெட்டினாய், பார்த்தவர்கள் என்னைக் கை கழுவிவிட்டார்கள். அதற்குக் கீழே எவனோ ஒருவன், பாவம் அந்த வீட்டில் தண்ணீர் வருவதில்லை போல என்று எழுதியிருந்ததை அனீஸாவை வற்புறுத்தி வாசிக்க வைத்தேன். அதற்குப் பதிலாக நீ ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தாய். அவன் யாரோ எவனோ, அவன் எழுதினது எனக்கு வலிக்கவில்லை துஷி.

மேல் அறையில் வாடகை கொடுத்துப் போடிங் இருக்கிற பிள்ளைகள் லோஜினியையும் நிஷாந்தினியையும் உனக்குத் தெரியும். டவுனில் வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, கை கால் கழுவின கையோடு ஆன்ட்டி இன்றைக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறதுதான் எனக்குப் பொழுது போகிற நேரம். நிஷாந்தினி திடீரென்று டயட் என்றாள். பிறகு பார்த்தால் படிக்கட்டில் கொத்து ரொட்டி வாசனை ஏறிப் போகிறது. லோஜினி மட்டும் மனசில் வைத்துக்கொள்ளாமல் வந்து சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி, அந்த வீடியோவப் பாத்ததுல இருந்து சோத்துல கைய வச்சா அதுதான் ஞாபகம் வருது." கழுவினேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவா? பரவாயில்லை பிள்ளை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா ஆறுதல் சொல்கிறாராம், "நானுந்தான் இத்தனை வருஷமா ஒங் கையால தின்னுறேன், செத்தா போயிட்டேன்" என்று. அந்த மனுஷனை அன்றைக்கு அகப்பையால் அடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

இப்போது நான் ருசி பார்க்கிறதே இல்லை. கரண்டியில் எடுத்துப் பார்த்தேன், சுடுகிறதே ஒழிய ருசி தெரியவில்லை. உள்ளங்கையில் விடலாம் என்று கையை நீட்டினால் யாரோ பின்னால் நின்று படம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. தன் குசினியில் தானே கூசி நிற்கிற பொம்பளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? முந்தாநாள் போஞ்சிக் கறியில் உப்பே இல்லை. அப்பா எழுந்துபோய் உப்புப் போத்தலை எடுத்துவந்து வைத்துக்கொண்டார். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

உன் வீடியோவை இனிப் பார்ப்பதில்லை என்று அனீஸாவிடம் வீறாப்பாகச் சொன்னேன், ஆனாலும் போன கிழமை பார்த்தேன். வெள்ளைக் குசினியில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டுப் பருப்பு என்று செய்து காட்டினாய். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தாய். சட்டியை இறக்கிக் கொஞ்சம் ஆறின பிறகு பிழி, கொதிக்கிறபோது பிழிந்தால் கசக்கும் என்று எத்தனை தரம் சொன்னேன்? நீ ஒரு வாய் வைத்துப் பார்த்து, "ம், அப்படியே அம்மா கை ருசி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அது கசந்திருக்கும் மகளே, எனக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அந்த நாட்களில் நீ கேட்டதெல்லாம் என்னிடமா கேட்டாய், இல்லை போனுக்காகக் கேட்டாயா? வீடியோவை அழி என்று நான் சொல்லப் போவதில்லை, பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. இது ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, படமும் பிடிக்காதே. கடைசியாக ஒன்று. கெட்டிப்பாலை ஏன் கடைசியில் ஊற்றுகிறீர்கள் என்று நீ கேட்டதற்கு நான் இரண்டு காரணம் சொன்னேன். கொதித்தால் பால் திரைந்துவிடும் என்றது வீடியோவில் இருக்கிறது. மற்றது நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் குசினியில் நடந்த ஒன்று. சொல்லும்போது நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய், அதையும் வெட்டிவிட்டாய். அது என்ன என்று உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. போனைத் திறந்து பார்க்காமல் எழுது. அது வந்து சேர்கிற அன்றைக்கு நான் போனை எடுக்கிறேன்.

இப்படிக்கு,
கழுவின கையால் எழுதும்
உன் அம்மா