பாலாடைக்கட்டி மேல் விழுந்த பழி

சோபியா நகரம், மே 14

அன்புத் தம்பி ஸ்தோயிலுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நீ இங்கே எடுத்துக்கொண்ட இதய ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் எழுநூற்றைத் தாண்டிவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அவ்வளவு சுண்ணாம்பு! அதை மட்டும் வைத்து இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்கோரோடு வயது, ரத்த அழுத்தம், சிகரெட் எல்லாம் சேர்த்து, யாருக்கு ரத்தம் போதாது என்று முன்கூட்டியே கணிக்கத்தான் எங்கள் ஆராய்ச்சிக் குழு மண்டையை உடைத்துக்கொள்கிறது. உனக்கு வந்திருக்கும் கணிப்பு மோசம். உடனே வா, நடக்கவைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் அக்கா,
ரொசித்சா

ரொடோப் மலை, மே 21

டாக்டர் அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் மனைவி நம் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்துவிட்டாள். கால்சியம் என்றதும் ஊரே என் பாலாடைக்கட்டியைக் கைவிட்டுவிட்டது. "உன் சீஸைத் தின்ன உனக்கே இந்தக் கதின்னா, எங்க பாடு என்னடா?" என்கிறார் பாதிரியார். நானும் பயந்து சீஸ் பீப்பாய்களை மூடிவிட்டேன். தயிரைக்கூடத் தொடுவதில்லை. இன்னும் என்ன வேண்டும்? எனக்கு நெஞ்சுவலியே கிடையாது. மேட்டில் ஆடு ஓட்டும்போது தாடை வலிக்கும், அவ்வளவுதான். அது பல். கடைவாயில் ஒன்றைப் பிடுங்கியும் நின்றபாடில்லை.

கோபத்துடன்,
ஸ்தோயில்

சோபியா, மே 25

அட மண்டு,

புண்பட்ட குழாயில் உடம்பே பூசிக்கொள்ளும் சுண்ணாம்பு அது. உன் சீஸ் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பீப்பாய்களைத் திற. ஆனால் ஏறும்போது தாடை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் அது பல் இல்லையடா, இதயம்! இன்னொரு பல்லைப் பிடுங்கினால் வந்து உதைப்பேன். மேடு ஏறாதே. முதல் பஸ்ஸில் கிளம்பு!

ரொசித்சா

ரொடோப் மலை, ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

அங்கே வந்தபோது அடைப்பைத் திறக்கக் குழாயில் வைத்த ஸ்டென்ட் இருக்கிற இடமே தெரியவில்லை. நேற்று மேய்ச்சல் மேடு வரை மெதுவாக ஏறினேன், தாடை சும்மா இருந்தது.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதமும் வந்தது. அன்றைக்கு என்னை நடக்கவைத்து எடுத்த படத்தில் ரத்தம் எட்டாத இடம் தெரிந்ததும், "கணிச்ச மாதிரியே இருக்கு! பாருங்க, பாருங்க!" என்று குதித்தாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தாய். உன் முகம் செத்துப்போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் சாகக் கிடக்கிறேன், இவள் கூத்தாடுகிறாளே என்று.

ஆனால் அக்கா, அப்பா மாரடைப்பில் கொட்டகையில் பால்வாளியோடு விழுந்து இறந்தபோது யாருக்கும் முன்னால் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நம்மால் அழத்தான் முடிந்தது.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த ஆள் வரும்போதும் குதி.

உன் தம்பி,
ஸ்தோயில்